சாவி கிடைத்ததா?

1

லண்டனில், பிளேஸ்டோவில் இலை உதிரத் தொடங்கியதும் கவுன்சில் ஆட்கள் ஊதும் மெஷினோடு வந்துவிடுவார்கள். முதுகில் ஒரு சின்ன எஞ்சின், கையில் நீளக் குழாய். நடைபாதையில் கிடக்கும் இலைகளை அந்தப் பக்கம் ஊதுவார்கள். மத்தியானம் காற்று அதே இலைகளை இந்தப் பக்கம் கொண்டுவந்து போடும். அடுத்த கிழமை திரும்ப வருவார்கள். ஊரில் ஒரு விளக்குமாறு செய்கிற வேலைக்கு இங்கே பெற்றோல் எரிகிறது. இதைச் சொல்லிச் சொல்லி என் மனைவி கலாவுக்கும் காது புளித்துவிட்டது.

அந்த மெஷின் சத்தம் கேட்டால் நான் நின்றுவிடுவேன். பயம் என்று சொல்ல முடியாது. கால் தானாக நிற்கும், சத்தம் தாண்டிப்போனதும் தானாக நடக்கும். கலா முன்னால் நாலு அடி போய்த் திரும்பிப் பார்ப்பாள்.

போன மாதம் ஒரு காலை அப்படிப் பூங்கா மதிலோடு நின்றுகொண்டிருந்தபோதுதான் தர்ஷி போன் எடுத்தாள். தர்ஷி என் ஒரே மகள். கோலியர்ஸ் வுட்டில் தோழியோடு சேர்ந்து ஒரு பிளாட்டில் இருக்கிறாள்.

"அப்பா, ஐனார் போயிட்டார். பெரித் மெசேஜ் பண்ணியிருக்கிறா."

"எப்ப?"

"நேற்று. ஸ்லீப்பிலயாம். ஆர் யூ ஓக்கே?"

"ஓம். பஸ் வருது, பிறகு எடுக்கிறன்," என்றேன்.

பஸ் வரவில்லை. நான் தரிப்பிடத்துக்கே போயிருக்கவில்லை. ஐனார் செத்துப்போனார் என்று ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அழுகை வரும், அல்லது நெஞ்சு அடைக்கும் என்று எதிர்பார்த்தேன். எதுவும் வராததால் வேலைக்குப் போனேன். ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு ஐனாரும் அவருடைய மகள் பெரித்தும் யாரென்று தெரியாது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2

நான் ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் ஒரு தமிழ்க் கடையில் மீன் வெட்டுகிறேன். விளைமீன், பாரை, சூடை, எல்லாம் ஐஸ்பெட்டியில் வரும். சனிக்கிழமைகளில் சனம் வரிசையில் நிற்கும். "அண்ணை, தலையைப் பிளந்து தாங்கோ, செதில் வடிவா எடுங்கோ" என்று ஒரு பக்கம், "துண்டு சின்னதா போடுங்க சார்" என்று தமிழ்நாட்டுப் பெண்கள் இன்னொரு பக்கம். நான் எல்லாருக்கும் தலையாட்டுவேன்.

இதற்கு முன்னும் மீன்தான். நோர்வேயின் வடக்கு நுனியில், மார்கழி மாதம் சூரியன் எட்டியும் பார்க்காத ஒரு ஊரில், மீன் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்தேன். அகதியாகப் போய் இறங்கியவர்களை எங்கே போடலாம் என்று அவர்கள் யோசித்தபோது, உள்ளூர் இளைஞர்கள் விட்டுவிட்டு ஓடுகிற ஊர்களில் இடம் காலியாக இருந்தது. அப்படித்தான் எங்களில் பலர் அந்தப் பக்கம் போனோம். முன்னால் கடல், பின்னால் ஒரு பெரிய ஏரி, நடுவில் சிவப்பும் மஞ்சளுமாகச் சில மரவீடுகள். ஊர் அவ்வளவுதான்.

அங்கே என் வலது கை விரல்கள் விறைத்துப் போயின. ஐஸ் தண்ணீரில் மாறிமாறி ஊறியதில் முதலில் நுனி, பிறகு பாதி விரல். அப்போது குளிர் என்று நினைத்தேன். லண்டனுக்கு வந்து இத்தனை வருடமாகியும் உணர்ச்சி திரும்பவில்லை. டொக்டரிடம் போனபோது விரலை ஒவ்வொன்றாகத் தொட்டு, எங்கே தொடுகிறேன், என்ன உணர்கிறீர்கள் என்று கேட்டார். ஒன்றும் உணரவில்லை என்பதைச் சொல்லத்தான் வந்தேன் என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டு, கத்தி பிடிக்கும்போது கவனம் என்றார். இப்போது மீன் வெட்டும்போது விரல் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்கிறேன். பழகிவிட்டது.

3

ஐனாருக்கு ஒரு வண்டி இருந்தது. கடையில் வாங்கியதில்லை, அவரே செய்தது. பலகையும் தகரமும் வைத்து அடித்த ஒரு பெட்டி. இரண்டுபேர் முன்னும் பின்னுமாக இருக்கலாம், மூன்றாவது ஆள் மடியில். அடியில் சில்லுக்குப் பதிலாக மூன்று சறுக்குக் கட்டைகள். முன்கட்டை திருப்புவதற்கு. பெட்டிக்குப் பின்னால் பழைய கார் ஒன்றின் எஞ்சின். அந்த எஞ்சினில் மரத்தால் செதுக்கிய ஒரு பெரிய காற்றாடி, விமானத்தில் இருப்பதுபோல. காற்றாடியைச் சுற்றிக் கோழிக்கூட்டுக்கு அடிக்கிற மாதிரி வலை. காற்றாடி சுழன்று காற்றைப் பின்னால் தள்ள, பெட்டி பனிக்குமேல் முன்னால் பாயும். பின்பக்கம் போக வழியே இல்லை. நிற்க வேண்டுமென்றால் காலால் ஒரு மிதி. அது ஒரு இரும்புப் பல்லைப் பனிக்குள் இறக்கும். பனி இறுகியிருந்தால் அந்தப் பல்லும் சும்மா கீறிக்கொண்டு போகும். நிற்கும் இடத்தை ஐனார் முன்கூட்டியே யோசித்து வைத்திருப்பார்.

ஒரு காலத்தில் அந்த ஊரில் அப்படிப் பல வண்டிகள் இருந்தனவாம். ஒருவர் மோட்டார்சைக்கிள் எஞ்சின் வைத்தாராம், இன்னொருவர் எங்கேயோ விழுந்த விமானத்தின் எஞ்சினை வாங்கிவந்து பூட்டினாராம். அது ஏரியைத் தாண்டியும் நிற்காமல் ஒரு மாட்டுக் கொட்டிலுக்குள் போய்த்தான் நின்றதாம். ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. பிறகு பனி ஸ்கூட்டர் விற்பனைக்கு வந்தது. எல்லாரும் அதை வாங்கிக்கொண்டு காற்றாடி வண்டிகளைக் கொட்டில்களில் போட்டுவிட்டார்கள். நாங்கள் போனபோது ஐனாருடையது மட்டும்தான் ஓடியது. ஏரிக்கு அந்தப்பக்கம் இருந்த சில வீடுகளுக்குப் பாலும் கடிதமும் அதில்தான் கொண்டுபோவார். ஸ்கூட்டர் வாங்கலாமே என்று யாராவது கேட்டால், "இது ஓடுகிறதே" என்பார்.

நாங்கள் அதற்குத் 'தட்டிவான்' என்று பெயர் வைத்தோம். பலகை அடித்த பழைய பெட்டி உடம்போடு, கடகடத்துக்கொண்டு, ஆளும் மூட்டையும் கோழியுமாக ஊரில் ஓடிய அந்த வாகனத்தை நினைத்து. ஐனாருக்கு அந்தச் சொல் பிடித்துவிட்டது. 'தாத்தி-வான்' என்பார். கடைசிவரைக்கும் அப்படித்தான் சொன்னார்.

ஆனால் பெயரெல்லாம் பிறகு வந்தது. முதலில் வந்தது சத்தம்.

4

நாங்கள் ஐந்துபேர் ஒரு மஞ்சள் வீட்டில் இருந்தோம். மூத்தவர் சிவம் அண்ணை. ஊரில் ரியூட்டரி வாத்தியார். வந்த கிழமையிலேயே ஒரு கொப்பி போட்டு, நாளுக்கு நாலு நொஸ்க் சொல்லென்று பாடமாக்கத் தொடங்கியவர். நொஸ்க் என்பது அவர்களுடைய மொழி. நாங்கள் மற்ற நாலுபேரும் தொழிற்சாலையில் தலையாட்டியும் கையைக் காட்டியும் சமாளித்தோம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானத்தில் மட்டும் கொஞ்சநேரம் நீலமாக ஒரு வெளிச்சம் வரும். வெளிச்சம் இருக்கும்போதே நடந்துவிட்டு வருவோமென்று ஏரிக்கரைக்குப் போனோம். சிவம் அண்ணை முன்னால். அவருடைய சப்பாத்து சறுக்க, நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம்.

மேட்டுக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. தட தட தடவென்று, காற்றை வெட்டிக்கொண்டு, தாழப் பறந்து வருகிற சத்தம்.

சொல்லிவைத்தாற்போல் ஐந்துபேரும் ஐந்து பக்கமாகச் சிதறிக் குப்புற விழுந்தோம். சேர்ந்து படுக்கக்கூடாது, கைகள் தலைக்குமேல் இருக்க வேண்டும், வாய் கொஞ்சம் திறந்திருக்க வேண்டும். இதெல்லாம் யாழ்ப்பாணத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். என் வாய்க்குள் பனி போனது. சத்தம் எங்களுக்கு மேலே வந்து, பிறகு பக்கத்தில் வந்து, சட்டென்று நின்றது.

அதன்பிறகு சப்பாத்துச் சத்தம். ஹெலிகொப்டரில் இருந்து இறங்குகிறவன் இவ்வளவு ஆறுதலாக நடக்கமாட்டானே என்று தலையைத் தூக்கினேன். ஆட்டுத்தோல் தொப்பியோடு ஒரு ஆள் நின்றார். அவருக்குப் பின்னால் அந்தப் பெட்டி. வலைக்குள் காற்றாடி மெதுவாகச் சுழன்று நின்றுகொண்டிருந்தது. அவர் எங்களைப் பார்த்தார். ஐந்துபேரையும், ஒவ்வொருவராக. பிறகு என்னவோ கேட்டார்.

சிவம் அண்ணைதான் முதலில் எழும்பி முழங்காலில் நின்றார். முகம் முழுக்கப் பனி. அவருக்கு அப்போது தெரிந்த நொஸ்க் சொற்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பாண், கோப்பி, பஸ், அப்படியானவை. முதல்நாள் வீட்டைக் காட்டவந்த ஆள் கையில் பொருளைத் தந்து திரும்பத் திரும்பச் சொன்ன சொல் ஒன்றும் இருந்தது. அதுதான் வாயில் வந்தது.

"நொக்கெல்," என்றார். சாவி.

அந்த மனிதர் தலையாட்டினார். தட்டிவானை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்குள் நடந்து போனார். தப்பினோம் என்று நினைத்தோம். கொஞ்சநேரத்தில் ஊரே வந்தது. பனி அள்ளுகிற சவலோடு ஆண்கள், தோட்டம் வாருகிற வாரிகளோடு பெண்கள், மாவரித்தட்டோடு ஒரு சிறுமி. ஒருவர் பெரிய பிளாஸ்கில் கோப்பி கொண்டுவந்தார். அந்த நீல வெளிச்சம் போனபிறகும் டோர்ச் அடித்துக்கொண்டு எங்களுடைய சாவியைத் தேடினார்கள். நாங்களும் தேடினோம்.

வீட்டுச் சாவி என் காற்சட்டைப் பையில் இருந்தது.

"அண்ணை, நான் இதைப் பனிக்குள்ள போட்டிட்டு எடுக்கட்டே?" என்று குனிந்து தேடுகிற சாட்டில் கேட்டேன்.

"விசரே உனக்கு? அந்த இடத்தை இப்பதான் மூண்டுபேர் கிண்டிப்போட்டுப் போகினம். பேசாமத் தேடு."

"எவ்வளவு நேரம் தேடுறது?"

"அவை நிப்பாட்டுமட்டும்."

அவர்கள் லேசில் நிற்பாட்டுகிற சாதியாகத் தெரியவில்லை. கடைசியில் தொழிற்சாலை மனேஜர் வந்து வேறொரு சாவி தந்தார். பையில் ஒரு சாவியோடு, கையில் இன்னொரு சாவி வாங்கி, வீட்டைத் திறந்து உள்ளே போனோம். கதவைச் சாத்தியதும் ஒருவன் சிரிக்கத் தொடங்கினான். பிறகு எல்லாரும் சிரித்தோம். சிவம் அண்ணை மட்டும் கட்டிலில் இருந்து நனைந்த காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒன்றைக் கழற்றியவர் மற்றதைக் கழற்றாமல் அப்படியே இருந்தார். பார்க்காத மாதிரித் தேநீர் போட்டேன்.

5

அன்றிலிருந்து அந்த ஊரில் எங்களுக்குப் பெயர் சாவிக்காரர். தபால்காரர், கடைக்காரப் பெண், தேவாலயத்துப் பாதிரியார், யார் கண்டாலும் முதல் கேள்வி, "சாவி கிடைத்ததா?" இதற்கு என்ன பதில் சொல்வதென்று சிவம் அண்ணை கொப்பியில் பார்த்துக் கற்றுத் தந்தார். "இக்கே என்னோ." இன்னும் இல்லை. சொன்னதும் கேட்டவர் சிரிப்பார், நாங்களும் சிரிப்போம், அத்தோடு கதை முடியும். வேறு மொழி தேவைப்படவில்லை. கலா ஊரிலிருந்து வந்து இறங்கியபோது அவள் முதலில் கற்றுக்கொண்ட நொஸ்க்கும் இதுதான். தர்ஷி பேசத் தொடங்கியபோது அம்மா, அப்பா, இக்கே என்னோ என்ற வரிசையில் பேசினாள்.

ஐனாரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஏரியைக் கடந்து வரும்போது, வீடுகளுக்கு நல்ல தூரத்தில், படகுக் கொட்டிலோடு எஞ்சினை நிறுத்திவிடுவார். அங்கிருந்து கயிறு கட்டித் தட்டிவானை இழுத்துக்கொண்டு வருவார். எஞ்சினோடு சேர்ந்த பாரம், மேட்டு நிலம் வேறு. நாங்கள் கண்டால் ஓடிப்போய்த் தள்ளுவோம். "ஒரு போத்தல் பெற்றோல் மிச்சம்பிடிக்க இந்த மனிசன் படுற பாட்டைப் பார்," என்று சிவம் அண்ணை தமிழில் சொல்லுவார். ஐனார் விளங்கினதுபோல் தலையாட்டுவார். கஞ்சன் என்று நாங்கள் வைத்த பட்டம் அவருக்குக் கடைசிவரை தெரியாது.

தள்ளப்போய்த்தான் பழக்கம் வந்தது. பிறகு கொட்டிலுக்குள் அவரோடு எஞ்சின் கழுவினேன். காற்றாடி அலகுக்கு எண்ணெய் பூசினேன். அவர் அதிகம் கதைக்கமாட்டார். நானும் அப்படித்தான். தர்ஷியைப் பாலர்பள்ளிக்குச் சிலநாள் அதில் ஏற்றிக்கொண்டு போவார். பாலர்பள்ளி ஆசிரியை அவருடைய மகள் பெரித். தர்ஷி காதுமூடி போட்டு, அவர் மடியில் இருந்து, பனிக்குள் மறைந்து போவாள். நான் கரையில் நிற்பேன். கொட்டிலுக்கு அப்பால் போய்த்தான் எஞ்சினைப் போடுவார். தூரத்தில் கேட்டால் அது வெறும் எஞ்சின் சத்தம்தான். அதற்குள் எனக்குப் பழகியும் இருந்தது.

தொழிற்சாலை மூடப்பட்டபோது தர்ஷி பத்து வயதுப் பிள்ளை. பிள்ளையின் படிப்பு, இங்கிலிஷ், சொந்தக்காரர், கோயில் என்று எல்லாரும் சொல்கிற காரணங்களைச் சொல்லிக்கொண்டு லண்டனுக்கு வந்தோம்.

6

இங்கே நான் யாரென்று நிரூபிக்க, எழுத்தும் இலக்கமுமாக ஒரு கோட் இருக்கிறது. ஐரோப்பியக் குடியுரிமையோடு வந்தவர்களுக்குக் கையில் கடதாசி ஒன்றும் தருவதில்லை. வீடு மாற, வேலை மாற, ஒவ்வொரு முறையும் போனில் போய் ஒரு கோட் எடுத்துக் கொடுக்க வேண்டும். அது சிலகாலத்தில் காலாவதியாகும், பிறகு புதிது எடுக்க வேண்டும். வீட்டு ஏஜெண்டுப் பிள்ளை என் கடவுச்சீட்டைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்து, நோர்வேயா என்று கேட்டாள். ஓம் என்றேன். பிறந்த இடத்தைப் பார்த்து, இலங்கையா என்றாள். அதற்கும் ஓம் என்றேன். அவளுக்கு ஏதோ பிழைத்த மாதிரி இருந்தது. எனக்கும்தான். கோட் வேலை செய்தபடியால் இரண்டுபேரும் அதை அப்படியே விட்டுவிட்டோம்.

பஸ்காரனுக்கு இன்னும் சிலவேளை 'தக்' என்று நொஸ்க்கில் நன்றி சொல்லிவிடுவேன். அவன் என்னவோ சொல்லித் திட்டுகிறான் என்று நினைக்கிறானோ தெரியாது.

தர்ஷி லண்டன் பிள்ளையாகிவிட்டாள். என்னோடு இங்கிலிஷில் கதைத்து நடுவில் 'அப்பா' போடுவாள். தமிழ் கேட்டால் விளங்கும், கதைக்கும்போது பாதி வழியில் விட்டுவிடுவாள். யாழ்ப்பாணத்துக்கு ஒருமுறை கூட்டிப்போனேன். வெயிலும் நுளம்புக்கடியும் என்று முகத்தைச் சுழித்துக்கொண்டு வந்தாள். நான் குறை சொல்லவில்லை. அவளுக்கு ஊர் என்றால் அது பனியும் ஏரியும் தட்டிவானும்தான். 'நீ எந்த ஊர்' என்று யாராவது கேட்டால் சாவிக் கதையைத்தான் எடுப்பாள். ஐந்து தமிழர் பனியில் நீந்துகிற மாதிரிக் கிடந்து சாவி தேடியதை நடித்தே காட்டுவாள். சிநேகிதப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். நானும் பக்கத்திலிருந்து சிரிப்பேன். சாவி இருக்கவில்லை என்று அவளுக்குச் சொல்ல ஒரு நேரம் வாய்க்கவில்லை. வாய்க்கவில்லை என்பதும் சரியில்லை. கதை நன்றாக இருந்தது, அவள் அதை வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தாள்.

அந்த ஊரில் செத்தவீடு முடிந்து தேவாலயத்திலிருந்து வந்ததும் ஊர் மண்டபத்தில் எல்லாருக்கும் கோப்பியும் கேக்கும் கொடுப்பார்கள். யாரும் எழும்பி இறந்தவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லலாம். சிரிப்புக் கதைதான் கூடுதலாகச் சொல்வார்கள். தர்ஷியும் வீடியோவில் வந்து கதைக்க வேண்டுமென்று பெரித் கேட்டிருந்தாள்.

"அப்பா, நான் கீ ஸ்டோரிதான் சொல்லப்போறன். தே லவ் இட்," என்றாள் தர்ஷி.

7

செத்தவீட்டுக்கு முதல்நாள் பின்னேரம் அவள் வீட்டுக்கு வந்தாள். நான் குசினியில் நின்று கடையிலிருந்து கொண்டுவந்த பாரையைத் துண்டுபோட்டுக்கொண்டிருந்தேன். கலா கறிக்கு வெங்காயம் வதக்கினாள். தர்ஷி மேசையில் இருந்து போனில் தன் பேச்சை எழுதினாள். நொஸ்க் மறந்துபோகவில்லை. எழுதி எழுதித் தானே சிரித்துக்கொண்டாள்.

"அப்பா, அது என்ன கீ? ஹவுஸ் கீயா? டீட்டெயில் வேணும்."

"வீட்டுச் சாவி."

"பிறகு கிடைச்சதா? ஸ்பிரிங்ல, ஸ்னோ மெல்ட் ஆனாப் பிறகு?"

நான் அடுத்த துண்டை வெட்டினேன். கலா அடுப்புக்குமேல் ஓடிக்கொண்டிருந்த காற்றாடியை நிறுத்தினாள்.

"சொல்லுங்கோவன்," என்றாள். "நாளைக்குச் செத்தவீட்டில பிள்ளை எழும்பிப் பொய் சொல்லப்போகுது. நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுறன்."

"வாட் பொய்?" என்றாள் தர்ஷி.

"சாவி துலையேல்லை," என்றேன். "என்ர பொக்கற்றுக்குள்ள இருந்தது."

தர்ஷி வாய்விட்டுச் சிரித்தாள். "நோ வே. பிறகு ஏன் தேடினனீங்கள்?"

"சிவம் அண்ணைக்கு வேற சொல் தெரியாது. வாயில வந்ததைச் சொல்லிப்போட்டார்."

"ஓக்கே. பட், அப்ப ஏன் எல்லாரும் ஸ்னோவில படுத்தனீங்கள்?"

"சத்தம்," என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. விளங்க நியாயமும் இல்லை. அவளுக்கு அந்தச் சத்தம் பாலர்பள்ளிக்குப் போகிற சத்தம்.

"அது ஹெலி மாதிரிக் கேட்டது. ஊரில நாங்கள் ஹெலிச் சத்தம் கேட்டாப் படுப்பம்." கத்தியைக் கீழே வைத்தேன். விரல் எங்கே இருக்கிறதென்று பார்க்காமல் வெட்டிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. "ஒருக்கா ஒழுங்கையில போகேக்க வந்தது. அம்மா, பெரியண்ணை, நான், உன்ர மாலா மாமி. நாலுபேர் படுத்தனாங்கள். மூண்டுபேர் எழும்பினனாங்கள்."

மாலா என் தங்கை. சுவரில் படம் இருக்கிறது. சண்டையில் செத்தவ என்று மட்டும் தர்ஷிக்குத் தெரியும்.

சொல்லும்போது எனக்கு ஒன்றும் செய்யவில்லை. கடையில் மீனின் விலை சொல்வதுபோல் சொல்லிவிட்டேன். கலாதான் அடுப்பை அணைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றாள்.

தர்ஷி போனைப் பார்த்தாள். எழுதியதை மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தாள். பிறகு விரலால் அழுத்திப் பிடித்து, முழுவதையும் அழித்தாள்.

"ஏன் அழிக்கிறாய்? நல்ல கதை. சொல்லு," என்றேன்.

"எனக்கு இனி அதைச் சொல்ல ஏலாது அப்பா."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. இரண்டு நாட்டிலும் சேர்த்து அவளுடையது என்று சொல்ல இருந்தது அந்த ஒரு கதை. அதையும் நான் பறித்துவிட்டேன். சொல்லாமலே விட்டிருக்கலாம் என்று இரவுச் சாப்பாட்டில் இருந்தபோது நினைத்தேன்.

8

அடுத்தநாள் நான் வேலைக்குப் போகவில்லை. சாப்பாட்டு மேசையில் லேப்டொப்பை வைத்து மூன்றுபேரும் அதன்முன் இருந்தோம். கலா சேலை உடுத்திருந்தாள். செத்தவீடுதானே என்றாள். திரையில் அந்த மண்டபம் தெரிந்தது. வெள்ளைத் துணி விரித்த மேசைகள், கேக், மெழுகுதிரி. எனக்குத் தெரிந்த முகங்களெல்லாம் வெள்ளைத் தலையோடு இருந்தன. அன்று மாவரித்தட்டோடு வந்த சிறுமி இப்போது யாரோ ஒரு பிள்ளையை மடியில் வைத்திருந்தாள்.

தர்ஷி நொஸ்க்கில் கதைத்தாள். ஐனாரின் மடியில் இருந்து ஏரியைக் கடந்ததைச் சொன்னாள். காதுமூடி பெரிதாக இருந்து கண்ணுக்குமேல் சரியும், அவர் ஒரு கையால் திருப்பிக்கொண்டே மறுகையால் அதைத் தூக்கிவிடுவார் என்றாள். 'தாத்தி-வான்' என்றபோது மண்டபம் சிரித்தது. சாவியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நன்றி சொல்லி முடித்துவிட்டாள். சனம் இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தது தெரிந்தது.

பெரித் கமராவுக்குக் கிட்ட வந்தாள். அறுபதைத் தாண்டியிருப்பாள். தகப்பனின் நாடி அப்படியே இருந்தது. தர்ஷிக்கு நன்றி சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சரி, அப்பாவுக்காகக் கேட்கிறேன்," என்றாள். "சாவி கிடைத்ததா?"

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. 'இக்கே என்னோ' என் வாய்க்குள் தயாராக வந்து நின்றது. பக்கத்தில் தர்ஷி என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரித், சாவி தொலையவே இல்லை," என்றேன். என் நொஸ்க் துருப்பிடித்துப் போயிருந்தது. "அன்றைக்கு நாங்கள் சாவி தேடவில்லை."

அவர்கள் திடுக்கிடுவார்கள் என்று நினைத்தேன். சிரிப்பு அடங்கியது, அவ்வளவுதான். கேக் வெட்டிக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் தலையாட்டிவிட்டுத் தொடர்ந்து வெட்டினார்.

"தெரியும்," என்றாள் பெரித்.

"யாருக்கு?"

"எல்லாருக்கும். அப்பா சவல் எடுக்க வீட்டுக்கு வந்தபோதே சொன்னார். சாவி தேடுகிறவர்கள் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு படுக்கமாட்டார்கள் என்றார். என் வண்டிச் சத்தத்துக்குத்தான் படுத்தார்கள் என்றார். அதற்குப் பிறகு ஒருநாளும் அவர் கொட்டிலுக்கு இந்தப் பக்கம் எஞ்சின் போடவில்லையே. நீங்கள்தானே வந்து தள்ளினீர்கள்."

பெற்றோலை மிச்சம்பிடிக்க என்று நாங்கள் நினைத்ததை அவளிடம் சொல்ல எனக்கு நொஸ்க் வரவில்லை. தமிழும் வந்திருக்காது.

"தெரிந்தால் பிறகு ஏன் தேடினீர்கள்?" என்று கேட்டேன். "அவ்வளவு நேரம், அந்தக் குளிருக்குள், ஊரே சேர்ந்து?"

கேள்வி பெரித்துக்குச் சரியாக விளங்கவில்லை போல இருந்தது.

"நீங்கள் சாவி என்றீர்கள்," என்றாள். "அதனால் தேடினோம்."

நான் கீழே பார்த்தேன். தர்ஷி என் வலது கை விரல்களைப் பிடித்திருந்தாள். எவ்வளவு நேரமாகப் பிடித்திருந்தாளோ எனக்குத் தெரியாது.